விமானியின் உரிமம் எல்லை தாண்டுமா?

இராஜபாளையத்தில் சரக்கு ஏற்றிய லாரி ஒன்று தென்காசி, செங்கோட்டை வழியாக மலையேறி, ஆரியங்காவைக் கடந்து, கேரளத்துப் புனலூருக்குப் போய்ச் சேருகிறது. வழியில் மாநிலம் மாறுகிறது, மொழி மாறுகிறது, பெயர்ப் பலகைகளின் எழுத்தும் மாறுகிறது. ஆனால் ஓட்டுநரின் சட்டைப் பையில் இருக்கும் லைசென்ஸ் மட்டும் மாறுவதில்லை. தமிழ்நாட்டில் வாங்கிய அதே லைசென்ஸை வைத்துக்கொண்டு அவர் புனலூரிலும் ஓட்டலாம், கோவாவிலும் ஓட்டலாம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இந்தியா முழுமைக்கும் ஒன்றுதான் என்பதே இதற்குக் காரணம்.

வெளிநாட்டுக்குப் போனாலும் ஒரு வழி உண்டு. 1949-ஆம் ஆண்டு ஜெனீவாவில் ஏற்பட்ட சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி, ஓராண்டுக்குச் செல்லும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டு ஒன்றை நம் ஊர்ப் போக்குவரத்து அலுவலகத்திலேயே பெற்றுக்கொண்டு, உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் கார் ஓட்டலாம்.

சாலைக்கே இப்படி என்றால் வானத்துக்கு எப்படி இருக்க வேண்டும்? வானத்தில் வேலி இல்லை; சுங்கச் சாவடி இல்லை. ஆகவே, ஒரு நாட்டில் விமானம் ஓட்டக் கற்று உரிமம் பெற்றவர் எல்லா நாட்டிலும் ஓட்டலாம் என்றுதான் நாம் நினைப்போம். வாசக அன்பர்களே, உண்மை இதற்கு நேர்மாறானது. எல்லா நாட்டிலும் செல்லக்கூடிய ‘பன்னாட்டு விமானி உரிமம்’ என்று ஒன்று இன்றுவரை உலகில் இல்லை! அது ஏன் இல்லை, இல்லாத நிலையில் நாடுகள் எப்படிச் சமாளிக்கின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மேசைமேல் ஓர் அட்டை

இந்தக் கேள்வி என்னிடம் வந்தது ஒரு பழைய மாணவன் மூலமாக. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன், குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். இராஜபாளையத்தைச் சேர்ந்த அந்த மாணவன் படிப்பு முடிந்ததும் அமெரிக்கா சென்று, சிறு விமானம் ஓட்டக் கற்று, தனியார் விமானி உரிமம் பெற்றுத் திரும்பியிருந்தான். தனியார் விமானி உரிமம் என்பது சொந்த விருப்பத்துக்காக விமானம் ஓட்டுவதற்கானது. கூலி பெற்றுக்கொண்டு ஓட்ட அதில் இடமில்லை. அதற்கு வணிக விமானி உரிமம் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தையுடன் வீட்டுக்கு வந்தான். ரைட் சகோதரர்களின் உருவம் அச்சிட்ட பிளாஸ்டிக் அட்டையை என் மேசைமேல் வைத்தான். “சார், இங்க ஒரு பறப்புப் பயிற்சி நிலையத்துல விமானத்தை வாடகைக்குக் கேட்டேன். இதை வச்சு ஓட்ட முடியாதுன்னுட்டாங்க” என்றான்.

அவன் தந்தை சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் சில வைத்திருப்பவர். மகனை வணிக உரிமப் படிப்புக்கு மீண்டும் அமெரிக்கா அனுப்ப, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க எண்ணியிருந்தார். “சார், இவ்வளவு செலவழிச்சு வாங்கினது இங்க செல்லாதுன்னா, அடுத்து வாங்கப்போறது மட்டும் செல்லுமா? அங்க பறக்கிற காத்து வேற, இங்க பறக்கிற காத்து வேறயா?” என்று கேட்டார்.

எவ்வளவு சரியான கேள்வி! விமானத்தின் இறக்கைக்குத் தூக்கு விசை தரும் இயற்பியல் விதிகள் ஃபுளோரிடாவிலும் ஒன்றுதான், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலும் ஒன்றுதான். நியூட்டனின் விதிகளுக்கு விசா தேவையில்லை. பயிற்சி நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். தனியார் உரிமத்துக்கு அமெரிக்காவும் 40 மணி நேரப் பறப்பைக் கேட்கிறது. இந்தியாவும் 40 மணி நேரமே கேட்கிறது. பிறகு ஏன் செல்லவில்லை?

எடைக்கல்லும் முத்திரையும்

ஓர் எளிய உவமை மூலம் இதை விளங்கிக்கொள்ளலாம். எங்கள் ஊர்ப் பால்கோவாக் கடையில் ஒரு கிலோ நிறுத்து வாங்குகிறோம். அந்தக் கிலோவுக்குப் பின்னால் ஒரு சங்கிலி இருக்கிறது. கடையின் எடைக்கல் அரசாங்கத்தின் சோதனைக் கல்லோடு ஒப்பிடப்பட்டது. அது அதைவிட உயர்ந்த படித்தரக் கல்லோடு ஒப்பிடப்பட்டது. சங்கிலியின் தலைப்பில், புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. உலகத்தின் மூலக் கிலோகிராமுக்குப் படியாகச் செய்யப்பட்ட 57-ஆம் எண் உருளை அங்கேதான் உள்ளது. 2019 மே 20 முதல் உலோக உருளைக்குப் பதிலாகப் பிளாங்க் மாறிலியைக் கொண்டு கிலோகிராம் வரையறுக்கப்படுகிறது. எனினும் எல்லா நாட்டுக் கிலோவும் ஒன்றே என்ற நிலை மாறவில்லை.

இப்போது ஒருவர் வெளிநாட்டிலிருந்து மிகத் துல்லியமான எடைக்கல் ஒன்றைக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடையில் ஒரு மில்லிகிராம்கூடப் பிழை இல்லை. ஆயினும் அதை அப்படியே கடையில் வைத்து வியாபாரம் செய்ய முடியாது. நம் அரசின் முத்திரை அதில் இல்லை! கல் சரியாக இருப்பது வேறு. அது சரி என்று பொறுப்பேற்று ஓர் அரசு முத்திரையிடுவது வேறு.

விமானி உரிமமும் இத்தகைய ஒரு முத்திரையே. “இந்த மனிதர் விமானம் ஓட்டத் தகுதியானவர், இதற்கு நான் பொறுப்பு” என்று ஓர் அரசு உலகுக்குத் தரும் உறுதிமொழி அது. யாருடைய விமானத்துக்கு யார் பொறுப்பு என்பதுதான் முதல் கேள்வி.

வாலில் இருக்கும் எழுத்து

எந்த விமானத்தைப் பார்த்தாலும் அதன் உடலில் சில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இந்தியாவில் பதிவான விமானங்கள் எல்லாவற்றிலும் ‘வி.டி.’ என்ற இரண்டு எழுத்துகள் முதலில் நிற்கும். அமெரிக்க விமானத்துக்கு ‘என்’, பிரிட்டனுக்கு ‘ஜி’, இலங்கைக்கு ‘4ஆர்’, சிங்கப்பூருக்கு ‘9வி’, மலேசியாவுக்கு ‘9எம்’. வானொலி நிலையங்களுக்கு நாடுவாரியாக ஒதுக்கப்பட்ட அழைப்புக் குறிகளிலிருந்து பிறந்தவை இவற்றுட் பல. இந்த எழுத்து வெறும் அடையாளம் அன்று. விமானத்தின் குடியுரிமை அது. விமானத்துக்கு ஒரே ஒரு நாட்டின் குடியுரிமைதான் இருக்க முடியும்.

உரிமத்தின் செல்லுபடி, பறக்கும் வானத்தைப் பொறுத்தது என்று நாம் நினைக்கிறோம். அப்படி அன்று, முதலில் பார்க்க வேண்டியது விமானத்தின் மேல் உள்ள எழுத்தைத்தான். என் மாணவன் வாங்கி வந்த உரிமம் ‘என்’ எழுத்து விமானங்களுக்கானது. அவன் வாடகைக்குக் கேட்டதோ ‘வி.டி.’ விமானம். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

சிக்காகோவில் செய்த ஏற்பாடு

விமானம் தோன்றிய தொடக்க காலத்தில் உரிமம் வழங்கியவை அரசுகள் அல்ல, விமானக் கழகங்களே. பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பு என்ற அமைப்பில் சேர்ந்த கழகங்கள் சான்றிதழ் வழங்கின. இந்தியாவில் பயிற்சி பெற்று உரிமம் பெற்ற முதல் விமானி என்று போற்றப்படும் ஜே. ஆர். டி. டாட்டா, 1929 பிப்ரவரி 10 அன்று பெற்ற முதலாம் எண் உரிமத்தை வழங்கியது இந்திய - பர்மிய விமானக் கழகமே.

1919-இல் பாரிசில் கூடிய நாடுகள், ஒருவர் கொடுத்த உரிமத்தை மற்றவர் மதிப்பது பற்றி முதன்முதலில் விதி வகுத்தன. இரண்டாம் உலகப்போர் முடியுந் தறுவாயில், 1944 டிசம்பர் 7 அன்று, அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 52 நாடுகள் கையெழுத்திட்ட புதிய உடன்படிக்கை அதன் இடத்தைப் பிடித்தது. அதன் வழியே பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து நிறுவனம் 1947-இல் அமைந்தது. இன்று அதில் 193 நாடுகள் உறுப்பினர். இந்தியா தொடக்கம் முதலே உறுப்பினர்.

இந்த உடன்படிக்கையின் 32, 33-ஆம் பிரிவுகளே நம் கேள்விக்கு விடை. அவற்றின் சாரத்தை மூன்றாகச் சொல்லலாம்.

ஒன்று: பன்னாட்டுப் பறப்பில் ஈடுபடும் விமானத்தின் விமானி, அந்த விமானம் பதிவான நாடு வழங்கிய உரிமத்தை, அல்லது அந்த நாடு செல்லுபடியாக்கிய உரிமத்தை வைத்திருக்க வேண்டும்.

இரண்டு: அப்படிப்பட்ட உரிமத்தை மற்ற நாடுகள் ஏற்க வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உரிமம் கொடுத்த நாடு கடைப்பிடித்த தரம், பன்னாட்டு நிறுவனம் வகுத்த குறைந்தபட்சத் தரத்துக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும்.

மூன்று: ஒரு நாடு தன் சொந்தக் குடிமகன் பிற நாட்டில் வாங்கிய உரிமத்தைத் தன் நிலப்பரப்பின்மேல் பறப்பதற்கு ஏற்க மறுக்கலாம்.

இவை நடைமுறையில் எப்படிப் பொருந்துகின்றன என்று பார்ப்போம். இந்திய உரிமம் பெற்ற ஒருவர் ‘வி.டி.’ விமானத்தை மதுரையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு ஓட்டிச் செல்கிறார். இலங்கை அரசு அவரிடம் இலங்கை உரிமம் கேட்காது. பறப்பு அனுமதி, சுங்கம், குடியேற்றம் போன்றவை தனி. உரிமம் மட்டும் சிக்கலின்றிச் செல்லும். ஆனால் அவரே பலாலியில் இறங்கி, அங்குள்ள ‘4ஆர்’ விமானம் ஒன்றில் ஏறி ஓட்ட முயன்றால், அவருடைய இந்திய உரிமம் தானாகச் செல்லாது. வானம் அதே வானம், மனிதர் அதே மனிதர், எழுத்துதான் மாறியது.

“அப்படின்னா, ‘என்’ எழுத்து விமானம் ஒண்ணு மதுரைக்கு வந்தா அதை நான் ஓட்டலாமா சார்?” என்று மாணவன் கேட்டான். கெட்டிக்காரக் கேள்விதான். விமானத்தின் எழுத்தும் உரிமத்தின் எழுத்தும் பொருந்துகின்றன. ஆனால், “நீ இந்தியக் குடிமகன், தம்பி. மூணாவது விதியை மறந்துட்டியே” என்றேன். மறுக்கும் உரிமை இந்தியாவுக்கு உண்டு.

குறைந்தபட்சம் என்பது சமம் அன்று

எடைக்கல் உவமைக்கு மீண்டும் வருவோம். கிலோகிராம் எல்லா நாட்டிலும் சமம். விமானி உரிமத்தில் அப்படிச் சமத்துவம் கிடையாது. பன்னாட்டு நிறுவனம் 1948-இல் ஏற்ற முதலாம் இணைப்பு, உரிமங்களுக்கான குறைந்தபட்சத் தரத்தை மட்டுமே வகுக்கிறது. தனியார் உரிமத்துக்கு 17 வயது, பொதுவாக 40 மணி நேரப் பறப்பு என்பன போன்றவை அதில் உள்ளன. அதற்கு மேல் கூட்டிக்கொள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் சுதந்திரம் உண்டு.

ஐரோப்பிய நாடுகள் தனியார் உரிமத்துக்கு 45 மணி நேரம் கேட்கின்றன. வணிக உரிமத்துக்கு இந்தியா 200 மணி கேட்க, அமெரிக்கா பொதுவழியில் 250 மணி கேட்கிறது. ஆனால் அமெரிக்கா கேட்காத சிலவற்றை இந்தியா கேட்கிறது. தனியார் உரிமத்துக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வணிக உரிமத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் வேண்டும் என்ற விதி நெடுங்காலமாக இருந்துவருகிறது. இதைத் தளர்த்தும் யோசனை 2025-இல் எழுந்தது. வானொலித் தொலைபேசியில் பேசத் தனி உரிமமும் அதற்குத் தேர்வும் இந்தியாவில் உண்டு. அமெரிக்காவுக்குள் பறக்கும் சிறு விமானத்தின் விமானிக்கு அத்தகைய தேர்வு கிடையாது.

ஆகவே, இரண்டு உரிமங்களும் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே இருந்தாலும் ஒன்றுக்கொன்று சமம் என்று சொல்ல முடியாது.

உயரமானி சொல்லும் பாடம்

“இதெல்லாம் காகிதக் கட்டுப்பாடுகள்தானே? பறக்கத் தெரிந்தவனுக்கு உள்ளூர்த் தேர்வு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இதற்கு ஒரு விடை சொல்கிறேன்.

விமானத்தில் உள்ள உயரமானி உண்மையில் ஓர் அழுத்தமானியே. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. தரைக்கு அருகே, ஏறக்குறைய எட்டரை மீட்டர் உயரத்துக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் வீதம் அழுத்தம் குறையும். அழுத்தத்தை அளந்து, அதை உயரமாக மாற்றிக் காட்டுவதே அக்கருவியின் வேலை. ஆனால் கடல்மட்ட அழுத்தம் நாளுக்கு நாள், ஊருக்கு ஊர் மாறும். எனவே, விமான நிலையக் கட்டுப்பாட்டாளர் அன்றைய அழுத்தத்தை வானொலியில் சொல்வார். விமானி ஒரு குமிழைத் திருகி அந்த எண்ணை உயரமானியில் பதிப்பார்.

இங்கேதான் பொறி இருக்கிறது. அமெரிக்காவில் இந்த அழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில் சொல்வார்கள். படித்தர அழுத்தம் அங்கே 29.92 அங்குலம். இந்தியாவில் ஹெக்டோபாஸ்கலில் சொல்வார்கள். அதே படித்தர அழுத்தம் இங்கே 1013.25.

வட இந்தியாவில் கடும் கோடையிலோ, நம் கடற்கரையில் புயல் நாளிலோ அழுத்தம் 992 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிட்டது என்று கொள்வோம். கட்டுப்பாட்டாளர் “ஒன்பது, ஒன்பது, இரண்டு” என்று சொல்கிறார். அமெரிக்காவில் பழகிய விமானியின் காதில் அது 29.92 என்பதன் கடைசி மூன்று எண்களாக விழுகிறது. அவர் கை தானாக 29.92-ஐப் பதித்துவிடுகிறது. அதாவது, 992-க்குப் பதிலாக 1013! வேறுபாடு 21 ஹெக்டோபாஸ்கல். உயரத்தில் அது ஏறக்குறைய 175 மீட்டர் ஆகிறது. விமானம் உண்மையில் இருப்பதைவிட 175 மீட்டர் மேலே இருப்பதாகக் கருவி காட்டும். மேகம் மூடிய நாளில், மலைக்குப் பக்கத்தில், 175 மீட்டர் என்பது உயிருக்கும் சாவுக்கும் உள்ள இடைவெளி.

கருவி பொய் சொல்லவில்லை. இயற்பியல் விதியும் பிறழவில்லை. வழக்கம் மாறியதுதான் வினை. இதுபோலவே, எந்த உயரத்துக்கு மேல் எல்லா விமானங்களும் படித்தர அழுத்தத்தைப் பதித்துக்கொள்ள வேண்டும் என்பதும் மாறுபடும். அமெரிக்காவில் அது நாடு முழுவதும் 18,000 அடி. இந்தியாவில் விமான நிலையத்துக்கு நிலையம் வேறு.

வானிலையும் அப்படித்தான். ஆடி மாதத்தில் இராஜபாளையத்தில் நின்று மேற்கே பாருங்கள். மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்ட, இந்தப் பக்கம் வறண்ட காற்று இறங்கி வீசும். மலையின் காற்று மறைவுப் பக்கத்தில் இப்படி இறங்கும் காற்று அலையலையாக எழுந்து தாழ்ந்து, சிறு விமானத்தைக் கீழே அழுத்தக்கூடியது. சமவெளியில் மட்டும் பழகியவருக்கு இது புதிது. ஒரு நாட்டின் விதிகளையும் வழக்கங்களையும் வானிலையையும் அறிந்துகொண்டாரா என்று சோதிப்பதில் நியாயம் உண்டு என்பது இப்போது விளங்கும்.

நம்பிக்கை தளர்ந்தால்

இரண்டாவது காரணம் நம்பிக்கை. ஒரு நாட்டின் முத்திரையை மற்ற நாடு ஏற்பது, அந்த முத்திரை ஒழுங்காகக் குத்தப்பட்டது என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக் கால எடுத்துக்காட்டுகள் உண்டு.

2020-இல் பாகிஸ்தானின் விமானத் துறை அமைச்சர், தம் நாட்டில் 262 விமானிகளின் உரிமங்கள் ஐயத்துக்குரியவை என்று அறிவித்தார். விசாரணையில் அவர்களுட் பலர்மீது குற்றமில்லை என்று தெரிந்தாலும், அதற்குள் பல நாடுகள் பாகிஸ்தானிய விமானிகளைப் பணியிலிருந்து நிறுத்தின. அந்நாட்டின் தேசிய விமானக் கம்பெனி ஐரோப்பாவுக்குப் பறக்க 2020 ஜூலையில் விதிக்கப்பட்ட தடை 2024 நவம்பரில்தான் நீங்கியது.

நம் நாடும் விலக்கு அன்று. போலி மதிப்பெண் பட்டியல் காட்டி உரிமம் பெற்ற சில விமானிகள் 2011-இல் இந்தியாவில் பிடிபட்டனர். அதன்பின் ஆயிரக்கணக்கான உரிமங்கள் மறுபரிசீலனை செய்யப்பட்டன. 2014 ஜனவரியில் அமெரிக்கா, இந்தியாவின் விமானப் பாதுகாப்பு மேற்பார்வையை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. குறைகள் சரிசெய்யப்பட்டபின் 2015 ஏப்ரலில் முதல் தரத்தை மீண்டும் வழங்கியது. இங்கே சோதிக்கப்பட்டது விமானிகளை அன்று, முத்திரையிடும் அரசைத்தான்.

மூன்று வழிகள்

சரி, பிற நாட்டு உரிமம் பெற்றவர் என்னதான் செய்வது? உலக நாடுகள் பொதுவாக மூன்று வழிகளைக் கையாளுகின்றன.

முதல் வழி, செல்லுபடியாக்கல். வெளிநாட்டு உரிமத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட விமானத்துக்கு என்று ஓர் அனுமதி தருவது. மூல உரிமம் காலாவதியானால் இதுவும் போய்விடும். இந்தியாவின் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளில் 45-ஆம் விதி இதற்கு இடமளித்தது. நம் விமானக் கம்பெனிகளில் வெளிநாட்டு விமானிகள் பணியாற்றியது இந்த வழியில்தான்.

இரண்டாவது, சார்பு உரிமம். அமெரிக்கா இதைத் தாராளமாகச் செய்கிறது. இந்தியத் தனியார் உரிமம் உள்ளவர் விண்ணப்பித்தால், அது உண்மையானதுதானா என்று இந்திய அரசிடம் கேட்டுச் சரிபார்த்துவிட்டு, பொது எழுத்துத் தேர்வு இல்லாமலேயே அமெரிக்கத் தனியார் உரிமம் ஒன்றைத் தருகிறார்கள். அதில் இந்திய உரிமத்தின் எண் பொறிக்கப்பட்டிருக்கும். மூல உரிமம் உயிரோடு இருக்கும்வரைதான் இதற்கும் உயிர். அமெரிக்கப் பயிற்றுநர் ஒருவரிடம் பறந்து காட்டிய பிறகே விமானத்தைத் தனித்து ஓட்டலாம்.

மூன்றாவது, மாற்றம். வெளிநாட்டு உரிமத்தின் அடிப்படையில் நம் நாட்டு உரிமத்தையே முழுமையாகப் பெறுவது. இந்தியர்கள் பெரும்பாலும் நாடுவது இதைத்தான். குடிசார் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் நடத்தும் விமானச் சட்டவிதிகள் தேர்வில் தேற வேண்டும். வணிக உரிமமானால் வழிகாணலும் வானிலையும் சேர்ந்த கலப்புத் தாளும் உண்டு. இந்திய மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். தனியார் உரிமத்துக்கு இரண்டாம் வகுப்பு, வணிக உரிமத்துக்கு முதலாம் வகுப்பு. வானொலி உரிமம் வேண்டும். அண்மைக் காலத்தில் பறந்த தேர்ச்சியைக் காட்ட வேண்டும். உரிமம் கொடுத்த வெளிநாட்டு அதிகாரமும் அது உண்மையானதே என்று உறுதி செய்ய வேண்டும்.

இதில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. உரிமம் எல்லை தாண்டாவிட்டாலும், பறந்த மணிகள் எல்லை தாண்டும்! முறையான பயிற்சியில் பறந்து, குறிப்பேட்டில் ஒழுங்காகப் பதிந்து, சான்று பெற்ற நேரம் வீணாவதில்லை. என் மாணவன் அமெரிக்காவில் பறந்த மணிகள் இங்கே கணக்கில் சேரும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

நாடுகள் கூடிப் பேசினால் இந்தச் சுவர்கள் தாழும் என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாடு வழங்கிய உரிமம் எல்லா உறுப்பு நாட்டு விமானங்களுக்கும் செல்லும். நம் லாரி ஓட்டுநர் கதைதான். 2020 டிசம்பர் இறுதியோடு பிரிட்டன் அந்த ஏற்பாட்டிலிருந்து விலகியது. ஒரே இரவில் பிரிட்டிஷ் விமானிகளின் அறிவு குறைந்துவிடவில்லை; ஆயினும் அவர்களுடைய பிரிட்டிஷ் உரிமம் பிரெஞ்சு எழுத்து விமானத்துக்குச் செல்லாததாகிவிட்டது. அதற்கு மாறாக, ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஏற்பாடு 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்து, தனியார் விமானிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதை எளிதாக்கியது. இந்தியாவிலும் 1934-ஆம் ஆண்டின் பழைய விமானச் சட்டத்துக்குப் பதிலாக, பாரதிய வாயுயான் அதிநியம் என்ற புதிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. வானொலி உரிமம் வழங்கும் பொறுப்பைத் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து விமானத் துறைக்கு அது மாற்றியது. விண்ணப்பிப்பவருக்கு ஒரு வாசல் குறைந்தது.

கடன் வாங்குமுன் கேட்க வேண்டியவை

நம் பகுதியிலிருந்து விமானப் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ள வேண்டும். பிள்ளை கடைசியில் ஓட்டப்போவது எந்த எழுத்து விமானம்? அந்த எழுத்துக்குரிய அரசு என்ன படிப்பு, என்ன வயது, எத்தனை மணி கேட்கிறது? அந்த அரசின் மருத்துவச் சோதனையில் பிள்ளை தேறுவானா? நிற வேறுபாடு காணும் திறனில் குறையிருப்பது பலருக்குச் சோதனைச் சாலையில்தான் தெரியவருகிறது. இலட்சக்கணக்கில் செலவழித்தபின் தெரிந்து என்ன பயன்? நான்காவதாக, பயிற்சி நிலையம் தரும் குறிப்பேடும் சான்றுகளும் இங்கே ஏற்கத்தக்க வடிவில் உள்ளனவா? இவற்றுக்கான விதிகளைத் தலைமை இயக்ககமே வெளியிடுகிறது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், புறப்படும் நாளில் உள்ள விதியைப் படிப்பதே முறை. தரகர் சொல்லும் சொல் போதாது.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது, மாணவனின் தந்தை சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “புரியுது சார். நம்ம தறியில நெய்யிற துணி ஒண்ணுதான். ஆனா வெளிநாட்டுக்கு அனுப்புறப்போ ஒவ்வொரு நாட்டுக்காரனும் அவன் கேட்கிற சர்ட்டிபிகேட்டு இருந்தாத்தான் ஆஸ்பத்திரிக்குள்ள விடுவான். நாளைக்கு ஏதாச்சும் ஆனா பதில் சொல்ல வேண்டியவன் அவன்தானே?”

“அதேதான் அண்ணாச்சி” என்றேன். நான் இரண்டு மணி நேரம் சொன்னதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

மாணவன் இப்போது விமானச் சட்டவிதிகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். முதலாம் வகுப்பு மருத்துவச் சோதனைக்கும் விண்ணப்பித்திருக்கிறான். அதன் முடிவு வந்தபிறகுதான் வணிக உரிமப் படிப்பு பற்றிப் பேச்சு. வீட்டுப் பத்திரம் அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும் என்று முடிவாகியிருக்கிறது.